விட்டதும் பெற்றதும்: நிக்கோபார்க் கிறித்தவ எழுத்துகளில் துறவு

முன்னுரை

பதவி, உடைமை, குலப்பெருமை ஆகியவற்றைக் கைவிட்டுக் கிறித்துவைப் பின்பற்றுதல் என்னும் பொருண்மை தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பயின்று வருவதாகும். காப்பியம், கீர்த்தனை, அம்மானை, தன்வரலாறு எனப் பல வடிவங்களிலும் இப்பொருண்மை இடம்பெற்றுள்ளது. இதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் 'எவ்வளவு விட்டார்?' என்னும் வினாவை முதன்மையாக்கியுள்ளனர். விட்டது மிகுந்தால் துறவும் உயர்ந்தது என்னும் கணக்கு அவ்வினாவின் பின்னணியில் உள்ளது. விடப்பட்டது யாருக்காக, அவரிடம் அது சென்று சேர்ந்ததா என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

வங்கக் கடலின் கிழக்கே அமைந்த நிக்கோபார்த் தீவுகள் இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற களமாகும். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனச் சுட்டும் இத்தீவுகளில் 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மொரேவிய சகோதரரும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் உபதேசியார் ஒருவரும், 20ஆம் நூற்றாண்டில் அம்மண்ணின் மைந்தரான பேராயர் ஒருவரும் திருப்பணி ஆற்றினர். அவர்கள் எழுதியவற்றையும் மொழிபெயர்த்தவற்றையும் துறவு என்னும் நோக்கில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துறவின் பெறுமானத்தை விட்டவரின் இழப்பைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது என்பதும், பெற்றவரின் மொழியில் அது பேசிய அளவே அதன் உரைகல் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

துறவு: இருவேறு கருத்தாக்கங்கள்

திருக்குறளின் துறவு அதிகாரம் நிலையாமைக்கும் மெய்யுணர்தலுக்கும் நடுவே 35ஆவதாக வைக்கப்பட்டுள்ளது. இவ்வைப்புமுறை பொருள் பொதிந்தது. உலகம் நிலையாது என்னும் அறிவு துறவுக்கு வாயிலாகிறது. துறவு மெய்யறிவுக்கு வாயிலாகிறது. 'யான்', 'எனது' என்னும் செருக்கை அறுத்தலே அங்குப் பேசப்படும் துறவின் உட்பொருள். விடப்பட்ட பொருள் பின்னர் யாரைச் சென்றடைகிறது என்பது அவ்வதிகாரத்தின் அக்கறையன்று. ஈகையும் ஒப்புரவும் இல்லறவியலில் தனித்தனியே பேசப்பட்டுவிட்டமையால் துறவறத்தில் அவை மீண்டும் எடுத்துரைக்கப்படவில்லை எனலாம்.

விவிலியம் காட்டும் துறவு வேறோர் அமைப்புடையது. நிலைவாழ்வை நாடி இயேசுவிடம் வந்த செல்வந்தரின் கதை மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. அவருக்கு விதிக்கப்பட்ட செயல்கள் மூன்று: உள்ளதை விற்றல், ஏழைகளுக்குக் கொடுத்தல், பின்தொடர்ந்து வருதல். விற்றல் என்பது தொடக்கம் மட்டுமே. இடையில் ஏழை நிற்கிறார். இறுதியில் ஒரு வழி நீள்கிறது. பெறுபவர் இல்லாமல் இத்துறவு நிறைவு பெறுவதில்லை. குறள் காட்டும் துறவியும் நற்செய்தி காட்டும் சீடரும் பற்றை விடுவதில் ஒன்றுபடினும், விட்டபின் நிகழ்வதில் வேறுபடுகின்றனர். முன்னவர் கட்டுகளிலிருந்து விடுபடுகிறார். பின்னவர் பிறருக்குப் புதிதாகக் கட்டுப்படுகிறார்.

ஆகவே, கிறித்தவத் துறவைப் பேசும் எழுத்தைத் திறனாயும்போது விடுதல், கொடுத்தல், பின்பற்றல் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வில் முதலாவது மட்டும் மிகுதியாகப் பேசப்பட்டமைக்குத் தமிழ்த் துறவு மரபின் செல்வாக்கும் ஒரு காரணம் ஆகலாம்.

மொழிக்குள் நிகழ்ந்த துறவு

தமிழகத்தில் இப்பொருண்மைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் இருவர் தேவசகாயம் பிள்ளையும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் ஆவர். திருவிதாங்கூர் அரசில் அலுவலராக விளங்கிய நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவியும் குலமதிப்பும் இழந்து, சிறையும் நாடுகடத்தலும் பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியில் பிறந்த கிருஷ்ண பிள்ளை 1858இல் கிறித்தவரானார். உறவினரின் வெறுப்பையும் குலமதிப்பின் இழப்பையும் ஏற்ற அவர், ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். அழிவின் நகரை விட்டு ஆன்மா பயணப்படும் அக்காப்பியம் துறவின் காப்பியமே.

இவ்விடத்தில் ஒன்று நோக்கற்குரியது. கிருஷ்ண பிள்ளை சமயத்தை மாற்றினார், சுற்றத்தை இழந்தார். எனினும் கம்பனில் தோய்ந்த தம் செய்யுள் மொழியை அவர் விடவில்லை. இரட்சணிய யாத்திரிகத்தின் ஓசையும் உவமையும் பருவப் பகுப்பும் காப்பியப் பயிற்சியின் விளைவுகள். கிறித்தவக் கம்பர் என்னும் புகழ்ப்பெயர் அவருக்கு வழங்குவதே இதற்குச் சான்று. அவர் துறந்த உலகின் மிகச் சிறந்த செல்வம் அவருடனேயே புதிய நெறிக்குள் வந்தது. அதனால்தான் அவரது துறவு அவர் விட்டுவந்தவருக்கும் கேட்டது. கிறித்தவரல்லாத தமிழ்ப் புலவரும் அக்காப்பியத்தைச் சுவைக்க இயன்றது.

ஆகவே இவ்விருவர் துறவும் மொழிக்குள் நிகழ்ந்த துறவு எனப் பெயரிடத்தக்கது. விட்டவரும் அதனைக் கண்டவரும் ஒரே மொழியினர். விட்டது இன்னது என்பதை ஊர் அறியும். பதவி, சாதி, கோயில் உரிமை ஆகியவற்றின் விலை இருதரப்பாருக்கும் தெரியும். கடல் கடந்து பிறமொழியினர் நடுவே சென்றபோது இத்தெளிவு குலைகிறது. தமிழகத் துறவு வரலாறுகளை அளக்கும் கோல் நிக்கோபாருக்குப் போதாமை இங்கிருந்தே தொடங்குகிறது.

நான்கவுரி மடல்கள்

மொரேவிய சகோதரர் சபையின் மறுமலர்ச்சியே ஒரு துறவு நிகழ்விலிருந்து தொடங்கியது. சாக்சனியின் கோமகனான சின்சென்டோர்ஃப் 1722இல் அகதிகளாக வந்த மொரேவியருக்குத் தம் நிலத்தில் இடமளித்தார். அங்கு உருவான ஹெர்ன்ஹூட் ஊரின் பொருட்டு அரசவைப் பணியையும் கைவிட்டார். அவ்வூரிலிருந்து உலகின் பல திசைகளுக்கும் சென்றோருள் பலர் கைவினைஞர். தம் உழைப்பாலேயே உண்டு வாழ்ந்து ஊழியம் செய்தல் அவர்தம் நெறி. டேனியர் நிக்கோபாரில் குடியேற்றம் நிறுவ முயன்ற காலத்தில் அச்சகோதரர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். அதன் அருகே 'சகோதரர் தோட்டம்' என்னும் குடியிருப்பை அமைத்தனர். 1768இல் நான்கவுரித் தீவில் அவர்தம் பணி தொடங்கியது, 1787இல் கைவிடப்பட்டது.

இம்முயற்சியின் இலக்கிய எச்சமாக நிற்பது ஜான் காட்ஃபிரிட் ஹென்செல் எழுதிய மடல்களின் தொகுப்பாகும். லத்ரோப் என்னும் சபைக் குருவுக்கு எழுதப்பட்ட அம்மடல்கள் 1812இல் இலண்டனில் நூலாயின. உயிரோடு எஞ்சிய ஒரே திருப்பணியாளர் என்றே அந்நூலின் தலைப்புப் பக்கம் ஹென்செலை அறிமுகப்படுத்துகிறது. தீவுகளின் இயற்கை, மக்கள் வழக்கங்கள், திருப்பணி முயற்சி ஆகியன அதில் விரிகின்றன. பதினொரு சகோதரர் நான்கவுரியிலேயே அடக்கம் பெற்றனர் என்றும், மேலும் பதின்மூவர் அங்குப் பற்றிய காய்ச்சலால் தரங்கம்பாடி திரும்பிய சிறிது காலத்தில் மறைந்தனர் என்றும் மடல்கள் கூறுகின்றன.

விட்டதன் அளவு ஒன்றே துறவின் அளவாயின் இந்நூலை விஞ்சும் துறவு நூல் அரிது. நாடு, வீடு, தொழில், உடல்நலம், இறுதியில் உயிர் ஆகிய அனைத்தும் விடப்பட்டன. ஆயினும் நூலின் உச்சம் வெற்றிக் களிப்பாக அமையவில்லை. எஞ்சிய பொருள்களை ஒப்படைத்துவிட்டுத் தீவை நீங்கும் ஹென்செல், தோழர்களின் கல்லறைகளைக் கண்டு கலங்கும் காட்சியே அதன் உச்சம். பத்தொன்பது ஆண்டுகளின் முடிவில் அங்கு ஒரு கிறித்தவத் திருக்கூட்டம் உருவாகவில்லை.

இத்தோல்விக்கு நோயும் தொலைவும் பொருட்குறையும் காரணங்களாகக் கூறப்படுதல் வழக்கம். அவை உண்மையே. ஆனால் மடல்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு மற்றொன்று புலப்படும். நிக்கோபார் மொழியில் தங்குதடையின்றி நற்செய்தி கூறும் நிலையைச் சகோதரர் எட்டவில்லை என்பதை நூல் மறைக்கவில்லை. வந்தோரும் தீவினரும் வணிகத்தின் வழியே அங்குப் பரவியிருந்த கொச்சைப் போர்த்துகீசியத்தின் துணையை நாடினர். பண்டமாற்றுக்குப் போதுமான ஒரு மொழி, பாவம், மீட்பு, அருள் ஆகியவற்றைச் சொல்லப் போதவில்லை. அடிக்கடி நிகழ்ந்த மரணம் மொழிப் பயிற்சியையும் அறுத்தது. ஒருவர் கற்றது அவரோடு அடக்கமாயிற்று. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மடல்களின் நேர்மையே அவற்றின் இலக்கியச் சிறப்பு. கால் நூற்றாண்டு கழிந்தபின் வெளியான அந்நூல் தோல்வியைத் தியாகப் புகழால் மூடவில்லை. துறந்தவர் தம் துறவின் பயனின்மையைத் தாமே எழுதிவைத்தமை திருப்பணி எழுத்துகளில் அருகியே காணப்படுவதாகும். எனினும் அந்நேர்மைக்கும் ஓர் எல்லை உண்டு. நூலில் பேசுபவர் ஹென்செல் மட்டுமே. எங்கிருந்தோ வந்து நிலம் திருத்தி நோயுற்று மாண்ட அம்மனிதர்களைப் பற்றி நான்கவுரியார் என்ன எண்ணினர் என்பதை அறிய நூலில் வழியில்லை. பெற்றவர் குரல் கேட்காத துறவு நூலாகவே அது நின்றுவிடுகிறது.

சாதுவன் காட்டும் அளவுகோல்

கடல் கடந்த தீவில் பிறமொழியினரிடம் அறம் உரைத்தல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாதுவன் என்னும் வணிகன் கலம் கவிழ்ந்து நாகர் வாழும் மலையை அடைகிறான். ஆடையற்ற அந்நாகர் அவனைக் கொன்று தின்ன முனைகின்றனர். அவர்தம் மொழியை அவன் பேசிய கணத்தில் அவர்கள் விலகி நின்று, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள்ளையும் பெண்ணையும் மறுக்கும் சாதுவனிடம், இவையின்றி வாழ்வில் என்ன பயன் எனத் தலைவன் வினவுகிறான். நிலையாமையும் இருவினைப் பயனும் நாகர் மொழியிலேயே எடுத்துரைக்கப்படுகின்றன. கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாமை, முதிர்ந்து மாயும் விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாமை என அவர்தம் ஆற்றலுக்கு ஏற்ற அறம் மட்டுமே விதிக்கப்படுகிறது.

இந்நாகர் நிலம் நிக்கோபாராகலாம் எனக் கருதுவோர் உளர். அவ்வடையாளப்படுத்தல் உறுதிப்பட்டதன்று, இக்கட்டுரைக்கு அது தேவையுமன்று. சாத்தனார் வைத்துள்ள நிகழ்வு ஒழுங்கே இங்குக் கருதத்தக்கது. முதலில் மொழி, அதன்பின் கேள்வி, அதன்பின் அறவுரை. வினவுபவன் நாகர் தலைவன். கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. விடைக்கு நிறைவுறாவிடின் மீண்டும் கேட்கும் உரிமையும் உண்டு. சாதுவன் துறவி அல்லன். பரத்தையிடமும் சூதிலும் பொருளிழந்து, பொருளீட்டக் கலமேறியவன். மீண்டும் செல்வத்துடனேயே அவன் ஊர் திரும்புகிறான். அவன் எதையும் துறவாமலே நிகழ்த்தியதை அனைத்தும் துறந்த மொரேவியர் நிகழ்த்த இயலவில்லை. இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு மொழியே.

ஒன்று காப்பியக் கற்பனை, மற்றொன்று வரலாறு என்னும் மறுப்பு இவ்வொப்பீட்டிற்கு எழக்கூடும். இங்கு ஒப்பிடப்படுவன நிகழ்ச்சிகள் அல்ல. அறவுரை சென்றடையும் முறை பற்றிய இரு எழுத்துகளின் புரிதல்கள். அவ்வகையில் சாத்தனாரின் புரிதல் ஹென்செலின் தோல்விக்கு ஒரு விளக்கவுரையாக அமைகிறது.

மூஸ் நாட்குறிப்பு

டேனியர் தம் உரிமையைக் கைவிட்டபின் 1869இல் நிக்கோபார் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் தமிழரான வேதப்பன் சாலமோன் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் அமர்ந்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் உபதேசியார், அரசின் முகவர், பள்ளியின் ஆசிரியர் ஆகிய மூன்று பொறுப்புகளும் அவரிடம் ஒருங்கே இருந்தன. அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் நிறுவனத்தின் இதழில் வெளியாயின. தீவின் சடங்குகள், விருந்துகள், நோய்கள், வணிகக் கப்பல்களின் வரவு, பேய்பிடித்தவர் எனக் கருதப்பட்டோர் ஊராரால் கொல்லப்படுதல் ஆகியன அவற்றில் பதிவாகியுள்ளன. நிக்கோபாரியல் ஆய்வாளர் அவற்றை மானிடவியல் தரவாகவே பயன்படுத்தி வருகின்றனர். தமிழ்க் கிறித்தவ எழுத்து வரலாற்றில் அவை வைத்துப் பேசப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையும், இலக்கிய வடிவம் பெறாமையும் இதற்குக் காரணங்கள் ஆகலாம்.

துறவு நோக்கில் அந்நாட்குறிப்பின் முதன்மைக் கூறு தன்மறைப்பு ஆகும். தாயகத்தை விட்டு, தமிழ் கேளாத தீவில் குடும்பத்துடன் வாழ்ந்தவரின் துயரமோ தியாகப் பெருமிதமோ அதில் முன்னிறுத்தப்படவில்லை. ஹென்செல் மடல்களில் எழுதுபவரே மையம். சாலமோன் குறிப்புகளில் மூஸ் ஊரே மையம். நிக்கோபார்ச் சடங்குப் பெயர்களை அப்பெயர்களாகவே பதிந்திருத்தல், அன்றாடம் செவிமடுத்து வாழ்ந்தவரின் எழுத்து அது என்பதை உணர்த்துகிறது. 'யான்', 'எனது' அறுதல் குறள் வழித் துறவின் இலக்கணமாயின், தன்னைப் பற்றிப் பேசாத இந்நாட்குறிப்பு அவ்விலக்கணத்திற்கு ஒரு வகையில் பொருந்துவதே.

எனினும் இத்தன்மறைப்பை முழுவதும் துறவின் அடக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. அரசுக்கு எழுதப்படும் அறிக்கையில் எழுதுபவர் தம்மைப் பேசாமை அவ்வகைமையின் விதியாகும். மேலும், சாலமோன் அதிகாரத்தைத் துறந்தவராக அங்குச் செல்லவில்லை. அரசின் முகவர் என்னும் அதிகாரமே அங்கு அவருக்குக் கிட்டியது. தமிழகத்தில் ஓர் எளிய உபதேசியாராக இருந்திருக்கக் கூடியவர், மூஸில் பேரரசின் கண்ணும் செவியுமானார். ஊராரின் கொலைவழக்கம் அவரது குறிப்பில் மீட்கப்பட வேண்டிய மாந்தரின் அச்சமாகவும், அரசு தடுக்க வேண்டிய குற்றமாகவும் ஒரே வேளையில் தோன்றுகிறது. உபதேசியாரின் பார்வையும் முகவரின் பார்வையும் ஒரே தொடருக்குள் கலந்துள்ளன. இவ்விரட்டை நிலையைப் பிரித்தறிவதே அந்நாட்குறிப்பை வாசிக்கும் திறனாய்வாளரின் கடமை. புகழ்மாலையும் பழியுரையும் இக்கடமைக்கு உதவா.

அவரது துறவின் விளைவை நாட்குறிப்பில் தேடுவதினும் அவரது பள்ளியில் தேடுதல் தகும். அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவரே பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் எனப் பெயர்பெற்றவர்.

உடைமை யாருடையது?

ரிச்சர்ட்சனின் பணியை மதிப்பிடுமுன், பெற்றவரின் பண்பாட்டில் உடைமைக்கும் துறவுக்கும் இருந்த பொருளை நோக்குதல் இன்றியமையாதது. கார் நிக்கோபாரில் நிலம், தென்னை, பன்றி ஆகியன துஹேத் எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் உடைமைகள். தனியொருவர் தமக்கென விற்றற்கோ கொடுத்தற்கோ உரியன அல்ல. 'உனக்குள்ளதை விற்றுக் கொடு' என்னும் கட்டளை தனியுடைமையை முன்கொண்டது. 'உனக்குள்ளது' என்னும் சொல்லாட்சியே பொருள் மாறும் ஒரு சமூகத்தில் அக்கட்டளையை எவ்வாறு மொழிபெயர்ப்பது? செல்வந்தர் கதையின் விடுதல், கொடுத்தல் ஆகிய இரண்டும் அங்கு வேறு வடிவம் பெற்றாக வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இறந்தவரின் கைப்பொருள்களை உடைத்துக் கல்லறையில் இடுதலும், உற்றார் சிலவற்றை நுகராமல் நோன்பிருத்தலும் நிக்கோபார் மக்களின் பழைய வழக்கங்கள். ஈ. எச். மான் உள்ளிட்டோரின் குறிப்புகள் இவற்றை விரித்துரைக்கின்றன. வெளியிலிருந்து வந்தோர் இவற்றை மூடவழக்கம் அல்லது வீண்விரயம் எனவே பெரும்பாலும் கண்டனர். ஆயின், அன்பின் பொருட்டு உடைமையை அழித்தலும் நுகர்ச்சியை ஒறுத்தலும் துறவின் வடிவங்கள் அல்லவா? துறவைப் போதிக்க வந்தோர், எதிரே நிகழ்ந்த துறவைத் துறவென அறியவில்லை. அவ்வழக்கத்தின் அடியில் இறந்தோரின் ஆவி பற்றிய அச்சமும் இருந்தது என்பது உண்மையே. அச்சமும் அன்பும் கலந்த அச்செயலில் அச்சத்தை மட்டும் கண்டமை அவ்வெழுத்துகளின் குறைபாடாகும்.

எனவே, கிறித்தவத்தை ஏற்ற கார் நிக்கோபாரியர் துறந்தது என்ன என்னும் வினாவுக்குப் பதவி, பொருள் என விடை கூறுதல் இயலாது. பேய்பிடித்தவரெனக் கருதிக் கொல்லும் வழக்கமும், அதற்கு அடிப்படையான அச்சமும் படிப்படியாகக் கைவிடப்பட்டன. நாகர் தலைவனிடம் சாதுவன் கொல்லாமையைக் கேட்டதுபோல், இங்கும் முதன்மையாக விடப்பட்டது கொலையே. துஹேத் அமைப்பு கைவிடப்படவில்லை. திருச்சபை வாழ்வும் அதனுள்ளேயே வேரூன்றியது.

திரும்பி வந்தவர்

ரிச்சர்ட்சன் சிறுவயதில் பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பப்பட்டுக் கல்வி கற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தம் தீவுக்குத் திரும்பி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பணியாற்றினார். நிக்கோபாரில் பணிசெய்த குருவானவர் ஜார்ஜ் ஒயிட்ஹெட்டின் மொழிப்பணியோடும் தொடர்புடையவரானார். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆக்கிரமிப்பின்போது, ஒற்றர் என்னும் ஐயத்தால் தீவினர் பலர் சித்திரவதைக்கும் கொலைக்கும் ஆளாயினர். போருக்குப் பின்னரே கார் நிக்கோபாரியர் பெருந்திரளாகக் கிறித்தவத்தைத் தழுவினர். ரிச்சர்ட்சன் 1950இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டார். 1978இல் மறைந்தார்.

இவ்வாழ்வு துறவு வரலாறுகளின் வழக்கமான அச்சில் அடங்காது. கிருஷ்ண பிள்ளைக்குப் பின்பற்றல் இழப்பாயிற்று. ரிச்சர்ட்சனுக்கு அது ஏற்றமாயிற்று. கிராமத்துச் சிறுவனுக்குப் பேராயர் பதவியும் மக்களவை இருக்கையும் கிட்டின. விட்டதன் அளவுகோலால் அளந்தால் இவ்வாழ்வில் துறவே இல்லை என முடிவு கூற நேரும். அம்முடிவு அளவுகோலின் குறையையே காட்டும்.

வெளியுலகின் கல்வியைப் பெற்றவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. ரிச்சர்ட்சன் திரும்பினார், திரும்பியபின் கார் நிக்கோபார் மொழியில் எழுதினார். புதிய ஏற்பாடும், பின்னர் முழு விவிலியமும் உரோமன் எழுத்தில் அம்மொழியில் வெளிவர அவரது உழைப்பு அடிப்படையாயிற்று. கற்ற ஆங்கிலத்தின் தகுதியைத் தமக்கெனச் சேர்த்துக்கொள்ளாமல், எழுத்து மரபில்லாத தாய்மொழிக்கு அதனைச் செலவிட்டமையே அவரது துறவு எனக் கொள்ளலாம். மூன்று செயல்களுள் கொடுத்தலே இங்கு மேலோங்குகிறது. பெற்றவரோ அதனைத் தம் மொழியிலேயே பெற்றனர். செல்வந்தர் கதையும் இப்போது அவர்தம் மொழியில் வாசிக்கப்படுவது. அதற்கு விளக்கம் கூறும் உரிமையும் இனி அவர்களுடையதே.

நான்கவுரியில் இறந்த பதினொருவரின் இழப்பையும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பையும் தராசில் இட்டு, ஒன்று உயர்ந்தது என்றல் இக்கட்டுரையின் கருத்தன்று. முன்னது கேட்கப்படாமல் போயிற்று, பின்னது கேட்கப்பட்டது. அவ்வேறுபாட்டை மதிப்பீட்டில் சேர்த்தாக வேண்டும் என்பதே கருத்து. இவ்விரண்டுக்கும் இடையில் தன்னைப் பேசாத ஒரு தமிழ் உபதேசியார் நிற்கிறார். அவரது பள்ளியின்றி அம்மொழிபெயர்ப்பாளர் உருவாகியிருத்தல் அரிது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களை அழித்தபின் துறவு பற்றிய வினா வேறோர் உருவில் எழுந்தது. உதவித் தொகையும் வீடும் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டமை துஹேத் அமைப்புக்கு நெருக்கடியாயிற்று என ஆய்வாளர் சுட்டியுள்ளனர். இரு நூற்றாண்டுகளாகத் தீவுக்கு வந்தோர் உடைமை துறத்தலைப் போதித்தனர். 'எனது' என்னும் சொல்லுக்கு அங்கு வலுச்சேர்த்ததோ பேரழிவுக்குப்பின் வந்த பணம். துறவை நோக்கும் ஆய்வு இம்முரணையும் தன் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

கிறித்தவத் துறவு விடுதல், கொடுத்தல், பின்பற்றல் என்னும் மூன்று செயல்களின் இணைப்பு. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு விடுதலுக்கே மிகை இடம் தந்துள்ளது.

தேவசகாயம் பிள்ளை, கிருஷ்ண பிள்ளை ஆகியோரின் துறவு ஒரே மொழிக்குள் நிகழ்ந்தமையால் கண்டோருக்கு விளங்கிற்று. கடல் கடந்த துறவை அதே கோலால் அளத்தல் பொருந்தாது.

ஹென்செலின் மடல்கள், மொழி கைகூடாத இடத்தில் உயிர்த்துறவும் செவிசேராமல் போனமையை நேர்மையுடன் பதிந்துள்ளன. மணிமேகலையின் சாதுவன் கதை அதனை விளங்கிக்கொள்ளத் தமிழுக்குள்ளேயே கிடைக்கும் அளவுகோல்.

வேதப்பன் சாலமோனின் நாட்குறிப்பு, அது எழுதப்பட்ட மொழி ஆங்கிலமே ஆயினும், தமிழ்க் கிறித்தவர் எழுத்து வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அதில் துறவும் அதிகாரமும் பிணைந்திருத்தலைப் பிரித்தறிந்து வாசித்தல் வேண்டும்.

நிக்கோபார் மக்களிடம் கூட்டுடைமையும் உடைமை ஒறுத்தலும் முன்னரே இருந்தன. அவற்றைக் காணாமை திருப்பணி எழுத்துகளின் பொதுக் குறைபாடு.

துறந்தவரின் பெயர்ப்பட்டியலைத் தொகுத்தல் எளிது. அவர் விட்டது எவர் கையில் சேர்ந்தது, எம்மொழியில் சேர்ந்தது என ஆராய்தல் அரிது. நிக்கோபார் மொழிகளை அறிந்த தமிழாய்வாளர் உருவாகும் வரை, இவ்வரலாற்றின் ஒரு பாதியாகிய விட்டவர் குரலை மட்டுமே தமிழுலகம் கேட்டுக்கொண்டிருக்கும்.